வந்திருந்து வாழ

கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. போக முயலாமல் இல்லை. சாப்பிட்டு, கை துடைத்து, மணமக்களிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்கள். கடைசிப் படியைத் தாண்டியதும் அதே இரண்டாம் மாடிக் கதவின் முன்னால் நின்றார்கள். உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். வர வேண்டிய பஸ் வராதபோது ஏற்படும் சலிப்புக்கு மேல் அவர்கள் முகத்தில் எதுவும் இல்லை. ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்ட வீடு அது. ஒருவர் பாய் விரித்தால் சுவர் ஒரு முழம் தள்ளி நின்றது. இன்னொரு பாய்க்கு இன்னொரு முழம். தங்கள் வீட்டு அளவு குறையவில்லை என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாடா வைத்து உறுதி செய்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

மணப்பெண் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். அச்சகத்தில் காட்டிய பத்திரிகைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததால், வீட்டிலேயே செய்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். சமையலறைத் தரைக்கு ஒட்டிய ரப்பர் விரிப்பில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. மெழுகில் பல் செதுக்கும் கத்தியால் அதில் எழுத்துகளை இடவலமாகத் திருப்பிச் செதுக்கினாள். அவன் உருளையால் மை தடவினான். அச்சான அட்டைகள் துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கின. அவளுடைய அம்மா வந்து தரையில் உட்கார்ந்து, காய்ந்த அட்டைகளைக் கரண்டியின் முதுகால் நீவி மடித்துக் கொடுத்தாள். அப்பா போன பிறகு தாயும் மகளும் ஊரின் மறுகோடியில் ஒரே அறையில் வாழ்ந்தவர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அந்த அறைக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மடிப்பு நேராக இருக்கிறதா என்பதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

வந்தவர்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமா, குளியலறைக்குக் காகிதத்தில் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, காலையில் வரிசையை ஒழுங்குபடுத்தினார். ஒரு பெரியம்மா ஜன்னலோர இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள். வந்தவர்களில் அம்மா மட்டும் காலையில் பால் வாங்கத் தெருவுக்கு இறங்கிப் போய் வந்தாள். அவளுக்கு மட்டும் படிகள் எப்படித் தெருவில் முடிகின்றன என்று யாரும் யோசிக்கவில்லை. பால் வந்தால் சரி என்று இருந்தார்கள்.

மாப்பிள்ளை வேலை முடிந்து வருவதைத் தள்ளிப்போட ஆரம்பித்தான். சில நாள் லிப்ட் மோட்டார் அறையிலேயே படுத்துவிட்டு வந்தான். ஒரு நாள் சமையலறை வாசலில் அவளை நிறுத்திச் சொன்னான்: "ஆறு பேர் லிப்ட்ல ஏழாவது ஆள் ஏறினா மணி அடிக்கும். நம்ம வீட்ல மணியே அடிக்க மாட்டேங்குது. ரெண்டு பேரா இருக்கத்தானே கல்யாணம் பண்ணினோம்?" அவன் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அவன் ஒரு நாள் வராமலே இருந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாமாதான். அழைப்பிதழில் தேதியையும் இடத்தையும் தவிர வேறு எதையும் யாரும் படிப்பதில்லை. குளியலறைக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் முழுவதையும் படித்துவிட்டார். "ஏம்மா, எங்களைக் குத்தம் சொல்லி என்ன? நீதானே வாழச் சொல்லியிருக்கே" என்றார்.

'அனைவரும் வந்திருந்து வாழ்த்த வேண்டுகிறோம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வந்திருந்து வாழ வேண்டுகிறோம்' என்று இருந்தது. திருப்பிச் செதுக்கியதில் கண் ஏமாந்துவிட்டது என்று எல்லோரும் அவளுக்காகச் சொன்னார்கள். அவளும் தலையாட்டினாள். ஆனால் இரண்டு எழுத்துகள் மட்டும் விட்டுப்போயிருந்தால் அது கைத்தவறு. கூடவே ழ-வின் தலையில் வைக்க வேண்டிய புள்ளியும் விட்டுப்போயிருந்தது. புள்ளி இருந்திருந்தால் அந்த வாக்கியம் பொருளே தந்திருக்காது, யாரையும் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. பல்லின் நுனியில் மயிரளவு கூடினாலும் தெரிந்துகொள்ளும் தன் கையை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதனிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. கேட்கவில்லை.

ஒரு மரத்துண்டில் வாசகத்தைப் புள்ளியோடு புதிதாகச் செதுக்கி, ஒவ்வொருவருக்கும் மறுபடி பத்திரிகை வைத்தாள். வாங்கியவர்கள் மணமக்களின் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் படியிறங்கித் தெருவை அடைந்தார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் ஜன்னலை விட்டு எழ மனமில்லை; பிறகு அவளும் போனாள். ஒவ்வொருவர் போகும்போதும் சுவர் ஒரு முழம் உள்ளே வந்தது. மாமா மிச்சமிருந்த சீட்டுகளை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைசியாகப் போனார்.

வீடு பழைய அளவுக்கு வந்த பிறகு பார்த்தால், அம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாழ்த்தவும் இல்லை, வாழ்த்தச் சொல்லி அவளிடம் யாரும் எதையும் நீட்டவும் இல்லை.

"நீ எப்படிம்மா போக முடியும்?"

"எனக்குத்தான் நீ பத்திரிகையே வைக்கலையேடி."

"அம்மாவுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா?"

"அதைத்தான் சொல்றேன். நான் எந்தக் கணக்குலயும் வரலை. நினைச்சா வரலாம், போகலாம்" என்று பையின் வாயைச் சுருக்கினாள். அவள் குரலில் குறை எதுவும் இல்லை. மகளுக்குத் தன் கையிடம் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. எல்லோரையும் இருக்கச் சொன்னது ஒருத்தியை இருக்கச் சொல்ல வாய் வராததால்தான். அவள் கணவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கேட்பதாக ஆகிவிடும்.

அவன் குனிந்து, ஆடாமல் இருக்க அடுப்பு மேடைக்கு அடியில் செருகி வைத்திருந்த பழைய ரப்பர் துண்டை உருவினான். ஈரத்துணியால் துடைத்தான். "மை கொஞ்சம் மிச்சமிருக்கு" என்றான். உருளையைத் தேடி எடுத்துவந்து, "மூணு பேர்தானே, தாங்கும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

அட்டை காய்ந்ததும் இருவருமாக நின்று, ஊரார் வீட்டில் வைப்பதுபோலவே இரண்டு கையாலும் நீட்டினார்கள். "அவசியம் வந்திடணும் அத்தை" என்றான் அவன். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வழக்கமாக யாரும் படிக்காத விதமாக முதல் எழுத்திலிருந்து படித்தாள்.

"இதுல எழுத்துப் பிழை இருக்கே."

"இருக்கட்டும்மா."

அம்மா அட்டையைக் கரண்டியின் முதுகால் நீவி மடித்தாள். பிறகு பையைக் கீழே வைத்தாள்.

மறுநாள் சமையலறைக்கு அப்பால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அதற்குத் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னலும் இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து கையால் சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பது குடியிருப்பவர்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.