ரோமன் வீட்டுப் பெண்

விசாரணை தொடங்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சாய அறையில் அக்னியா ரோமனோவா ஒரே குடுவையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். சோவியத் ரஷ்யாவின் கொஸ்த்ரோமா நகர நெசவாலையில் வர்க்க எதிரிகளைக் களையெடுக்கிறார்கள். பெயர் அடிபட்டால் வேலை போகும். விடுதிக் கட்டிலும் ரொட்டி ரேஷன் அட்டையும் கூடவே போகும்.

"ஜார் மகளே, கையில தோல் உரியப் போகுது," என்றாள் தறிக்காரி லுக்கேரியா. அக்னியாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரி. ரோமனோவ் என்பது கவிழ்க்கப்பட்ட ஜார் மன்னரின் குடும்பப் பெயர்.

விசாரணை நடந்த உணவுக்கூடத்தில் முட்டைக்கோஸ் சூப்பின் வாடை. விசாரணைக் குழுத் தலைவர் புரோகோர் நிமிர்ந்தார். "ரோமனோவாவா? ஜார் உனக்குச் சித்தப்பனா, மாமனா?"

கூடம் சிரித்தது. அக்னியா மேசையைப் பார்த்தே பேசினாள்.

"ஜார் குடும்பத்துக்கே அது பின்னால வந்த பேருதான், தோழரே. அவங்க மூதாதை ஒருத்தருக்குப் பூனைன்னு பட்டப்பேரு. அதனால பூனை வீட்டார்."

பின்வரிசையில் யாரோ மியாவ் என்றார்கள்.

"அப்புறம் சகாரி வீட்டார், யூரி வீட்டார். தாத்தா மாற மாறப் பேரும் மாறுச்சு. ரோமன்னு ஒருத்தரோட பொண்ணை அந்தக் காலத்து ஜார் ஒருத்தர் கட்டிக்கிட்டாரு. அந்தப் பெருமையில அந்தப் பேரே தங்கிடுச்சு. ரோமனோவ்னு சொன்னா ரோமனோட பிள்ளைங்க, அவ்வளவுதான். ஊருக்கு ஊரு ரோமன் இருக்காரு."

புரோகோருக்கும் சிரிப்பு வந்தது. "சரி, உங்க ஊரு ரோமன் யாரு? நீ யாரு வீட்டுப் பொண்ணு?"

அவள் ஜார் பற்றிய கேள்விக்குத்தான் பதில் தயாரித்து வந்திருந்தாள். இதற்கு இல்லை.

லுக்கேரியா எழுந்தாள். "அங்க ரெண்டு ரோமன், தோழரே. ஒருத்தன் குதிரைகூட இல்லாத ஏழை நொண்டி. இன்னொருத்தன் மாவு மில்லுக்காரன். பணக்காரன்னு சொல்லி போன மாசம் குடும்பத்தோட வடக்க நாடுகடத்தி அனுப்புனாங்களே, அவன்." பிறகு அக்னியா பக்கம் திரும்பி, குரலைத் தணித்தாள். "நொண்டி ரோமன் பேத்திதானடி நீ?"

தலையாட்டினால் போதும். வேலையும் கட்டிலும் தங்கும். ரோமனோட பிள்ளைங்க, அவ்வளவுதான் என்று தன் வாயாலேயே சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. புரோகோரின் பேனா 'ரோமன்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தது.

"இல்லக்கா," என்றாள். "மில்லுக்கார ரோமன்தான் என் தாத்தா."