மிதக்கும் வரை

எங்கள் துறைமுகத்தைத் துறைமுகம் என்று சொல்வதற்கே கொஞ்சம் தைரியம் வேண்டும். கப்பல் கட்டி நிறுத்த ஒரு ஜெட்டி, ஓர் இழுவைப் படகு, நுழைவாயிலில் அடைத்துக்கொண்டே இருக்கும் மணல், அந்த மணலை அள்ள வாங்கிய ஓர் இயந்திரம், அந்த இயந்திரத்துக்கு டீசல் கேட்டு நான் எழுதிய கடிதங்கள். இவற்றில் அளவில் பெரியது கடைசியில் சொன்னதுதான். நான் மேலாளர். விளக்கு எரியாவிட்டாலும், கழிவறை அடைத்துக்கொண்டாலும், சம்பளம் தாமதமானாலும் எல்லோரும் ஒரே கதவைத் தட்ட வசதியாக இருக்கட்டும் என்று உண்டாக்கிய பதவி அது.

இப்படிப்பட்ட துறைமுகத்துக்குச் சோறு போட்டது ஓடாத ஒரு கப்பல்.

இன்ஜின் கோளாறு என்று வந்து கட்டியது. முதலாளி போன் எடுப்பதை நிறுத்தினார்; அப்புறம் அந்த முதலாளியே எங்கும் இல்லாமல் போனார். மாலுமிகள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனபோது கப்பலில் மிச்சமிருந்தவர் சமையல்காரர் மட்டும். கப்பலுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டுமே என்று அவரையே நியமித்துவிட்டார்கள். கப்பல் மிதந்துகொண்டிருக்கும் வரை அவர் அதைவிட்டு இறங்கக் கூடாது. மாலுமிச் சான்றிதழ் உள்ள வேறொருவர் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டால்தான் விடுதலை. வெங்காயம் நறுக்க வந்தவர் ஒரே உத்தரவில் கப்பலுக்கே தலைவரானார். பதவி உயர்வு எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாது என்பதற்கு என் ஆட்களிடம் இதைத்தான் உதாரணம் காட்டுவேன். அவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

சும்மா கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் கப்பலுக்கு ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தவன் என் மச்சான், மனைவியின் தம்பி. இழுவைப் படகு அவன் பொறுப்பு. ஆனால் அந்த மாப்பிள்ளைதான் எங்களை வைத்துக் காப்பாற்றினான். தலைநகரத்து அலுவலகத்தின் விதி இப்படி: துறைமுகம் எவ்வளவு ஈட்டுகிறதோ, அதே அளவு அவர்கள் மானியம் தருவார்கள். கப்பல்காரர் கையெழுத்திட்ட பில்லே ஈட்டிய பணமாகக் கணக்கு. பணம் வந்ததா என்பது வேறு பிரிவின் தலைவலி. அந்தப் பிரிவில் ஆள் கிடையாது. ஆக, ஜெட்டி வாடகை, தண்ணீர், பம்பு என்று மாப்பிள்ளைக்கு நாங்கள் தினமும் பில் போட்டோம். ஒரு காசு வரவில்லை. அதற்கு ஈடான மானியம் மட்டும் தவறாமல் வந்தது. சிமெண்ட் ஏற்றிவரும் நாலைந்து படகுகளை நம்பியிருந்தால் நாங்கள் என்றோ கடையைக் கட்டியிருப்போம்.

காலையில் பில்லோடு ஏணியில் ஏறுவது என் வேலை. எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது; ஜெட்டியில் நின்று கீழே குனிந்தாலே குமட்டும். இந்த வேலைக்கு என்னை எப்படி எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அவர்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

“வாங்க சார், இன்னிக்கு எவ்ளோ கடனாளி ஆகணும்?” என்பார் சமையல்காரர். கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ஒரு கப்பல் முதலாளியின் தோரணையோடு கையெழுத்துப் போடுவார். பிறகு இருவரும் டீ குடிப்போம். எங்கள் குழாய்த் தண்ணீர் கரிக்கும். டீயில் அது தெரியும். சோற்றுக்கும் குழம்புக்கும் உப்பே போட வேண்டியதில்லை என்பார். இந்த வசதிக்குத் தனியாகப் பில் போட மறந்துவிட்டீர்களே என்று கேட்பார்.

ஒருநாள் அந்தக் கடனாளிக் கேள்வி வரவில்லை.

“வீட்ல சம்சாரத்துக்கு வயித்துல கட்டியாம் சார். ஆபரேஷன் பண்ணணுமாம். வீட்டுப் பெரியவங்க யாராவது வாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சொன்னார். “பெரியவங்கன்னா நான்தானே சார்?”

அவருக்கு வேறு யாருமில்லை. பக்கத்துவீட்டுப் பெண் ஒருத்திதான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். தேதி குறித்தாகிவிட்டது. நான் தலைநகரத்துக்கு எழுதினேன், போன் போட்டேன், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறி மாறிப் போய்க் கடைசியில் முதலில் பேசியவரிடமே வந்து நின்றேன். மாற்று ஆளை உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

உள்ளூரில் மாலுமிச் சான்றிதழ் இருந்தது மச்சானிடம் மட்டும்.

இழுவைப் படகின் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றதுமே எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த அண்ணனும் கொஞ்ச நாளைக்குன்னுதான் அத்தான் கையெழுத்துப் போட்டாரு” என்றான். “எம் பொண்ணு இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு. அது மொட்டைமாடியில நின்னு கையாட்டணும், நான் கப்பல்லேருந்து ஆட்டணும். அப்படி வளர்க்கச் சொல்றீங்களா?”

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? ஆனாலும் செய்தி எனக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. தன் தம்பியைப் பிடித்துக் கப்பலில் அடைக்கப் பார்த்தேனாமே என்று மனைவி கேட்டாள். அன்றைக்குத் தட்டு வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே என் முன்னால் வந்து விழுந்தது.

மறுநாள் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அம்மா என் அறைக்கு வந்தார். மானியக் கணக்கை அவர்தான் தயார் செய்வார். கணவர் இல்லை, இரண்டு பெண்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். கப்பலைப் பற்றி நான் ஏதோ யோசிக்கிறேன் என்று எப்படியோ மோப்பம் பிடித்திருந்தார்.

“அவரு பாவம்தான் சார். நாமளும் பாவம்தான். ஒரு பாவத்தைத்தானே நீங்க பார்க்க முடியும்?”

அவர் நீட்டிய மானியக் கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரம் கப்பலின் மாதப் பரிசோதனை. மாப்பிள்ளையின் அடிவயிற்றில் துரு தின்ற ஓட்டைகள் உண்டு. எங்கள் பம்பு தினமும் போய்த் தண்ணீரை இறைத்தால்தான் நிற்பான். ஓட்டைகள் சின்னதாக இருந்தபோது படிவத்தில் ‘நிலை’ என்ற இடத்தில் ‘திருப்தி’ என்று எழுதினேன். அவை பெரிதானபோதும் அதையே எழுதினேன், கை பழகிவிட்டது. அந்த மாதம் ஏணி வழியாகக் கீழே இறங்கி விளக்கடித்துப் பார்த்தேன். கறுப்புத் தண்ணீர் படிகளில் ஏறியிருந்தது. சமையல்காரர் வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார். பம்பு நடுவில் நின்றுவிட்டதாம். சொன்னால் எனக்குத் தொந்தரவு என்று சொல்லவில்லையாம்.

மேலே வந்து உள்ளதை எழுதினேன். ஓட்டைகளை இனி அடைக்க முடியாது. ஜெட்டியிலேயே மூழ்கினால் துறைமுகம் அடைபடும். ஆகவே ஆபத்தான கப்பலை அப்புறப்படுத்த எனக்குள்ள அதிகாரத்தின்படி, வெளியே மணல்திட்டில் ஏற்றி நிறுத்த உத்தரவிடுகிறேன். தரைதட்டிய கப்பல் மிதக்காது. மிதக்காத கப்பலுக்குப் பொறுப்பாளர் வேண்டியதில்லை. ஜெட்டியில் இல்லாத கப்பலுக்குப் பில்லும் போட முடியாது. எல்லாமே உண்மை. உண்மையை வைத்து இவ்வளவு வேலை நடக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கணக்கு அம்மா அதைத் தட்டச்சு செய்தார். முடித்ததும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே காற்றே இல்லை.

உத்தரவை மச்சானிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தான்.

“அத்தான், இது நம்ம சாப்பாட்டுத் தட்டு.”

“தெரியும் மச்சான்.”

“தெரிஞ்சேதான் இழுக்கச் சொல்றீங்களா?”

அவன் கடலைப் பார்த்தான், மணல்திட்டைப் பார்த்தான், பிறகு எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, அலை ஏறும் நேரம் எப்போது என்று கேட்டான்.

காலையில் தண்ணீர் ஏறியபோது இழுத்தோம். சட்டப்படி தரைதட்டும் வரை சமையல்காரர் மேலே இருந்தாக வேண்டும். தட்டியதற்குச் சாட்சியாக நானும் இழுவைப் படகில் போயாக வேண்டும். போனேன். வழி நெடுக வாந்தியெடுத்தேன். மணலில் ஏறியபோது மாப்பிள்ளை போட்ட சத்தம் வெகுநேரம் நீண்டது. பெரிய பெட்டியைச் சிமெண்ட் தரையில் தரதரவென்று இழுப்பதுபோல. பிறகு ஒருபக்கம் சாய்ந்து நின்றான்.

“அண்ணே, இனிமே மிதக்காது. இறங்குங்க” என்றான் மச்சான்.

அவர் உடனே இறங்கவில்லை. உள்ளே போனார். பாத்திரங்களை அடுக்கும் ஓசை கேட்டது. அப்புறம் ஒரு பையோடு இறங்கி வந்து என் கையில் ஒரு சாவியை வைத்தார். சமையலறைச் சாவி.

“பூட்டிட்டேன் சார். இல்லேன்னா எலி வந்துடும்” என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “இன்னிக்குப் பில் இல்லியா?”

பேருந்து நிலையத்துக்கு அவரை அனுப்பும்போது கணக்கு அம்மா வந்து வழிக்கு ஒரு பொட்டலம் சாப்பாடு கொடுத்தார். அவரிடம் பத்திரமாகப் போகச் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன்பின் நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். மானியம் சுருங்கியது. டீசல் இல்லாமல் மணல் அள்ளும் இயந்திரம் நின்றது, நுழைவாயில் அடைபட்டது, சிமெண்ட் படகுகள் வேறு ஊர் பார்த்துக்கொண்டன. கணக்கு அம்மாவுக்கு வேலை போயிற்று. பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை. இழுவைப் படகைத் தொலைவில் உள்ள இன்னொரு துறைமுகத்துக்கு மாற்றினார்கள், கூடவே மச்சானையும். மாதத்துக்கு ஒருமுறை வருகிறான். திரும்பிப் போகும்போது அவன் மகள் மொட்டைமாடியில் நின்று பேருந்துக்குக் கையாட்டுகிறது.

மேசை, நாற்காலிகளை எண்ணி ஒப்படைப்பதற்காக என்னை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்தால் மணல்திட்டில் மாப்பிள்ளை சாய்ந்து கிடப்பான். அப்படி மேசைகளை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் சமையல்காரரின் போன் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாராம். டாக்டரிடம், நான்தான் பெரியவன் என்று சொன்னாராம். ஆபரேஷன் முடிந்தும் பிரயோஜனமில்லை. மனைவி கொஞ்ச நாள்தான் உயிரோடு இருந்திருக்கிறாள். மேலும் சொன்னார்.

“நான்தான் சார் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். ஒரு வாய் குடிச்சிட்டு என்னைப் பார்த்தா. இத்தனை வருஷமா கப்பல்ல சமைச்சீங்களே, கஞ்சிக்கு உப்புப் போட மறந்துட்டீங்களேன்னா.” சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

“எல்லாம் உங்க தண்ணி பண்ண வேலை சார்” என்றார்.

அந்தத் தண்ணீருக்கும் நாங்கள் பில் போட்டிருந்தோம்.