ஊதாப் புள்ளி

மின்சாரம் சோதிக்கும் மீட்டர் விடாமல் கத்தியது. கத்தக் கூடாத இடம் அது. வென்ஜிங் சிவப்பு முனையை அடுத்த புள்ளியில் வைத்துப் பார்த்தாள். அங்கும் அதே கத்தல். சார்ஜரிலிருந்து வரும் மின்சாரம் போர்டுக்குள் நுழைந்ததுமே எங்கோ வழுக்கிக் கீழே இறங்கிவிடுகிறது. மடிக்கணினி ஒரு முறைகூட விளக்கைக் காட்டாததற்கு அதுதான் காரணம்.

"செத்துப்போச்சா தங்கச்சி?" பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடித் தட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஃபாங் அக்கா கேட்டாள். கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னும் தெரியலக்கா. உள்ள ஷார்ட் இருக்கு."

"புதன்கிழமை விசாரணை. எங்க ஃபேக்டரில ரெண்டு வருஷமா கழுவுற பிரிவுல காத்து அளந்து எழுதினது பூரா இதுக்குள்ளதான் இருக்கு. அந்தக் காத்துல மூணு பொண்ணுங்களுக்குக் கால் வழங்காமப் போச்சு. அதுல ஒருத்தி என் கூடப் பிறந்தவ."

கோப்புகளைத் தனியே கழற்றி எடுக்க முடியாது. சேமிப்புச் சில்லும் போர்டோடு சேர்த்தே பற்றவைத்த ரகம். போர்டு உயிர்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"போன வியாழக்கிழமை. ஏதோ புது சாஃப்ட்வேர் ஏத்தணும்னு ஆபீஸ்ல வாங்கினாங்க. சாயங்காலம் திருப்பிக் குடுத்தாங்க. வீட்டுக்குப் போய்த் திறந்தா இருட்டு."

வியாழக்கிழமை. சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து அவள் கணவன் குவோலியாங்கை வெளிவேலைக்கு அழைத்துப் போனதும் வியாழக்கிழமைதான். கருவிப்பையோடு போனான். திரும்பி வந்தவன் வென்ஜிங் வைத்த நூடுல்ஸைத் தொடவில்லை. எங்கே வேலை என்று கேட்டதற்கு, "ஒரு தொழிற்சாலை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஷென்சென் நகரத்தில் தொழிற்சாலைக்கா பஞ்சம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ரோசின் பிசின்கட்டியைச் சூடான சால்டரிங் முனையில் தொட்டாள். வெண்புகை எழும்பியது. போர்டைக் கவிழ்த்துப் புகையில் காட்டினாள்.

"சாமிக்குப் புகை காட்டுறியா?" பக்கத்துக் கடைப் பெங் ஐயா எட்டிப் பார்த்தார். "உன் வீட்டுக்காரன் என்னடான்னா சரிபண்ற ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நகப்பூச்சுப் பொட்டு வைக்கிறான். நீ புகை போடுற. கடையா இது, கோயிலா?"

"நம்ம கடை வேலைன்னு தெரியணும்ல ஐயா. திரும்பி வந்தா யார் செஞ்சதுன்னு சண்டை வராது."

"அந்தப் பூச்சு உன் விரலுக்கு வாங்கினதுதானே? பொண்டாட்டி விரல் வெறுமையா கிடக்கு, போர்டுக்கு அலங்காரம்!"

வென்ஜிங் கூச்சத்தோடு சிரித்தாள். உண்மைதான். கல்யாணத்துக்கு வாங்கிய ஊதாப் பூச்சு. ஒரு நாள்தான் போட்டுக்கொண்டாள்.

போர்டின் மேல் ரோசின் உறைபனி போலப் படிந்திருந்தது. இரண்டு கம்பிகளை இணைத்து ஒரு வோல்ட்டை மட்டும் செலுத்தினாள். எந்தப் பாகம் மின்சாரத்தைக் குடிக்கிறதோ அது சூடாகும். அதன் மேலிருக்கும் வெண்மை முதலில் உருகும். ஃபாங் அக்கா மூச்சை அடக்கிக் குனிந்தாள்.

ஓரத்தில் ஓரிடம் கலங்கியது. ஊசி முனையளவு ஓட்டை. கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்று தெளிந்து வெளியே வந்தது.

"இதான்கா. இதை எடுத்துட்டா உயிர் வந்துடும்." வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

அதன் இருபுறமும் ஈயம் பளபளத்தது. மற்றவற்றில் தொழிற்சாலை ஈயம் மங்கலாக இருந்தது. இதை யாரோ பிறகு கையால் பற்றவைத்திருக்கிறார்கள். வெண்மை இன்னும் கொஞ்சம் விலகியது. கெப்பாசிட்டரின் பக்கத்தில் ஊதாவாக ஒரு பொட்டு.

வென்ஜிங் கண்ணை எடுக்கவில்லை. குவோலியாங்கின் கை பழக்கத்தில் வைத்ததா? இல்லை, இது என்றாவது அவள் மேசைக்கு வரும், அவள் பார்ப்பாள் என்று நினைத்து வைத்ததா? போர்டை ஒரேயடியாக எரிக்க அவனுக்கு அரை நிமிடம் போதும். எரிக்கவில்லை.

"மாஸ்டர் வந்துட்டாரு!" ஃபாங் அக்காவின் குரலில் முதல் முறையாக உயிர் இருந்தது. "உங்க வீட்டம்மா கண்டுபிடிச்சுட்டாங்க மாஸ்டர்!"

குவோலியாங் இரண்டு சாப்பாட்டுப் பெட்டிகளோடு நின்றான். போர்டைப் பார்த்தான். ஃபாங் அக்காவைப் பார்த்தான். பெட்டிகளை மெதுவாக வைத்துவிட்டு மேசையைச் சுற்றி உள்ளே வந்தான்.

"நீ சாப்பிடு. நான் பார்க்கிறேன்."

"முடிஞ்சிருச்சு. எடுக்கிறதுதான் பாக்கி."

"அந்தச் சாம்பல் கார் கீழேதான் நிக்குது வென்ஜிங்." அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். அவன் கை, மின்சாரத்தைக் கூட்டும் திருகின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் தன் கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். அடியில் திருகு மெல்ல நகர்ந்தது. அவன் திருகுகிறானா, தன் அழுத்தத்தில் நகர்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"அந்த ஊதாவா இருக்கே, அது என்ன தங்கச்சி?" என்றாள் ஃபாங் அக்கா.

எட்டிப் பார்க்க எழுந்த பெங் ஐயாவின் நாற்காலி பக்கத்தில் கிரீச்சிட்டது. போர்டில் வெண்மை வட்டமாக விலகிக்கொண்டே போக, நகப்பூச்சு கருகும் வாசனை எழத் தொடங்கியது.