தோமானுக்குப் பசியில்லை

ஐந்து நாளில் ஏழு வாத்துக் குஞ்சுகளை விழுங்கிய மீன், தூண்டில் முள்ளில் நெளிந்த மண்புழுவை மட்டும் சீண்டவே இல்லை. ஏன் என்று கருப்பாயிக்கு விளங்கவில்லை. விளங்காததால் கோபம் இன்னும் ஏறியது.

மலேசியாவில், பொந்தியான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவள் பால்மரம் வெட்டிப் பால் எடுப்பவள். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. பிள்ளைகளுக்கு முட்டையாவது கிடைக்கட்டும் என்று வளர்த்த பன்னிரண்டு குஞ்சில் ஐந்துதான் மிச்சம்.

தோட்டத்துக் குளக்கரையில் பக்கத்து வீட்டுச் செல்லப்பன் பனையேறி மீனும் கெளுத்தியுமாகப் பிடித்துக் கூடையை நிரப்பிக்கொண்டிருந்தான்.

“‘புழுவப் போடுக்கா, கடிக்கும்’னியே! மூணு நாளா இந்தப் புழுவுக்குக் காவல் இருக்கேன்டா!” என்று அவனிடம் எரிந்துவிழுந்தாள் கருப்பாயி.

“எனக்குக் கடிக்குதே. உன் மூஞ்சியப் பாத்துப் பயப்படுதோ என்னமோ.”

“நீ பிடிக்கிறது பொடி மீனு. இது தோமான்டா, பெரிய விரால் சாதி! என் கை நீளம்!”

“அப்ப குஞ்ச வீட்டுல அடைச்சு வை லா. குளத்துல விட்டா அது சும்மா இருக்குமா?”

புழு வைத்திருந்த கொட்டாங்குச்சியை அவன் தலையைப் பார்த்து வீசினாள். அவன் குனிந்தான். அது தண்ணீரில் விழுந்து, புழுவெல்லாம் கொட்டிப்போய், வெறும் ஓடாக மிதந்தது. விழுந்த இடத்தில் ஒரு முறத்தளவுக்குத் தண்ணீர் சிவந்திருந்தது: மூச்சு வாங்க மேலே வரும் செந்நிறத் தோமான் குஞ்சுகளின் கூட்டம்.

தண்ணீர் வெடித்தது. கறுத்த முதுகொன்று புரண்டது. கொட்டாங்குச்சி ஒரு முழம் எகிறி விழுந்தது.

கழியால் அதை இழுத்தெடுத்தாள். ஓட்டின் மேல் பல் தடம்.

“கொட்டாங்குச்சியத் திங்குமாடா மீனு?”

“திங்காது.”

“பின்ன ஏன் கடிச்சுது?”

கருப்பாயி கொட்டாங்குச்சியையும் தண்ணீரின் சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் வாத்துக் குஞ்சுகள் காணாமற்போனதெல்லாம் இந்தச் சிவப்புக்கு மேலே நீந்தும்போதுதான். புழுவை அவள் போட்டதோ, தள்ளி, கோரைப்புல் ஓரத்தில்.

“அதுக்குப் பசி இல்லடா. கோவம்! என் குஞ்சு அது குஞ்சு மேல நீந்துச்சுல்ல, அதான்.”

கொட்டாங்குச்சியை உடைத்து, ஒரு துண்டில் துளை போட்டு, பெரிய முள்ளைக் கட்டினாள். அந்தப் பல்லுக்குக் கயிறு தாங்காது. பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தை மரத்தோடு கட்டும் கம்பியில் ஒரு சாண் எடுத்து, முள்ளுக்கும் கயிற்றுக்கும் நடுவே முறுக்கினாள்.

“அதப் பிடிச்சிட்டா அந்தப் பொடிசுங்க கதி என்னக்கா?”

“என் குஞ்ச முழுங்கறப்ப அது கேட்டுச்சா?”

சிவப்புக்கு நடுவே எறிந்து இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் தோமான் கரையில் கிடந்து துள்ளியது.

மறுநாள் குளத்தின் மறுகோடியில் இன்னொரு சிவப்பைக் கண்ட செல்லப்பன், வெட்கத்தை விட்டு வந்து, எப்படிப் பிடிப்பது என்று கேட்டான். திட்டிக்கொண்டேதான் சொன்னாள்: குஞ்சுக்குக் காவல் நிற்கும் தோமானுக்கு இரை வேண்டாம், மிதக்கிற ஓட்டில் முள்ளைக் கட்டி, கயிற்று நுனிக்குக் கம்பி போட்டு, சிவப்புக்கு நடுவே இழுத்தால் போதும்.