அறாத நாடா

கஜுமாரு குழுவின் இரண்டாவது இசைத்தட்டைப் பதிவுசெய்யத் தொடங்கிய நாளில், பின்பாட்டுப் பாடுவதற்காகப் புதிதாகச் சேர்ந்த சயோ வாயைத் திறந்தபோது ஹட்சுயேயின் குரல் வெளிவந்தது. ஹட்சுயே குழுவிலிருந்து விலகி ஓராண்டாகியிருந்தது. அந்நேரத்தில் அவள் எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோபே நகரத்து மீன்கடையொன்றில் கானாங்கெளுத்தியின் குடலை நீக்கிக்கொண்டிருந்தாள். ககோஷிமாவிலிருந்து வந்திருந்த ஒலிப்பதிவாளருக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. முதல் தட்டில் கேட்ட குரல்தானே என்று அவர் திருப்தியடைந்தார்.

காரணம் ஊரறிந்தது. ஜப்பானின் தெற்கிலுள்ள இந்த அமாமித் தீவை விட்டுப் புறப்படுகிறவர், கப்பலிலிருந்து காகித நாடாவின் ஒரு நுனியைக் கரைக்கு எறிவார். அதைப் பிடித்தவர் கப்பலோடு சேர்ந்து துறைமேடையின் விளிம்புவரை நடக்க வேண்டும். நாடா தானாக அறுந்தால் விடைகொடுத்தாயிற்று என்று பொருள். கையால் அறுப்பது ஆகாது. ஹட்சுயே எறிந்த நாடாவைப் பிடித்தவர், குழுவின் தலைவரும் முன்பாட்டுக்காரருமான சதகுனி. பதினோரு ஆண்டுகள் தமக்குப் பின்பாட்டுப் பாடியவள் தன் தமக்கையின் மீன்கடைக்குப் போகிறாளே என்ற கோபத்தில், அவர் ஓரடியும் நடக்காமல், கப்பலைக் கட்டிவைக்கும் இரும்புத் தூணில் நாடாவை முடிச்சிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நாடா அறவில்லை. அந்த ஓராண்டில் வந்த இரண்டு புயல்களிலும் நனையாமல், கடல்மீது வடகிழக்காக நீண்டு கிடந்தது. மீனவர்கள் அதன்கீழ் குனிந்து செல்லப் பழகிக்கொண்டார்கள்.

பதிவின் இரண்டாம் நாளிலிருந்து சயோவுக்குப் பேச்சிலும் அந்தக் குரலே வந்தது. அவளுடைய மூன்று வயது மகள் மிஹோ, தாயின் மடியில் அமர்ந்துகொண்டே, அம்மா எப்போது வருவாள் என்று அவளிடமே கேட்டாள். நான்காம் நாள் ஹட்சுயேயின் கடிதம் விரைவுத் தபாலில் வந்தது. "என் தொண்டையில யாரோ ஒரு பொண்ணு பேசுறா. கடைக்கு வர்றவங்களுக்குப் பிடிச்சிருக்கு. எனக்குத்தான் பயமா இருக்கு. தூக்கத்துல மிஹோ, மிஹோன்னு ஒரு பிள்ளையைக் கூப்பிடுறா."

ஐந்தாம் நாள், கடைசிப் பாட்டுக்கு முன், சயோ கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அந்த நாடாவை அவுத்துப் பிடிச்சு நீங்க நடந்தாத்தான் பாடுவேன்."

"ஹட்சுயேயே வந்து சண்டை போடுற மாதிரி இருக்கு" என்றான் மத்தளக்காரன் தோகுசோ.

"விட்டுட்டுப் போனவளுக்கு நான் எதுக்கு நடக்கணும்? பாட்டு நல்லாத்தானே வருது?" என்றார் சதகுனி.

"உங்களுக்கு வருது. எனக்கு என் பிள்ளை வரல."

தோகுசோ மத்தளத்தைக் கீழே வைத்தான். "போய் நடய்யா. பதினோரு வருஷம் அவ உன் பின்னாடி வந்தா. நீ ஒரு நாள் போனா காலா தேஞ்சிடும்?"

நண்பகலில் சதகுனி தம் மூன்று தந்தி வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, முடிச்சை அவிழ்த்து, நாடாவைப் பிடித்தபடி நடந்தார். துறைமேடையின் விளிம்பை அடைந்தபோதும் நாடா அறவில்லை. ஆகவே அவரும் நிற்கவில்லை. மழைக்குப் பிந்தைய முற்றத்தில் நடப்பவரைப் போலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நீரின்மேல் நடந்துபோனார். அலைதடுப்பைத் தாண்டியதும் கடைசிப் பாட்டைத் தொடங்கினார். ஒலிப்பதிவாளர் அவசரமாக ஒலிவாங்கியைக் கரைக்கு இழுத்து வந்தார். சயோ பின்பாட்டுப் பாடினாள். அவளுடைய சொந்தக் குரல் வந்தது. மிஹோ ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, "எங்கேம்மா போயிருந்தே?" என்று கேட்டது பதிவில் உள்ளது. அதை யாரும் நீக்கவில்லை.

சதகுனி இன்னும் கோபேயை அடையவில்லை. கடந்துசெல்லும் கப்பல்கள் சங்கொலி எழுப்பினால் அவர் கையை உயர்த்துகிறார். மறுமுனையில் ஹட்சுயே ஞாயிறுதோறும் துறைமுகத்துக்கு வந்து, தளரும் நாடாவைச் சுற்றி வைக்கிறாள். சுருள் பூசணிக்காய் அளவுக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது தட்டில் முன்பாட்டு சயோவுடையது. பின்பாட்டுக்கு ஆள் தேடவில்லை. காற்று வடகிழக்கிலிருந்து வீசும் நாள்களில் கடல்மேல் நடக்கும் சதகுனியின் குரலில் அது பிசகாமல் வந்துசேர்கிறது.