மூன்றாம் ஓலை

பூசை முடிகிற நேரத்தில் சாமியார் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். வழக்கமான அறிவிப்புதான் என்று பிலோமினா நினைத்தாள். மண்டியிட்டு மண்டியிட்டு அவளுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. இன்னாசிக்கும், அம்முலுவின் மகள் மதலேனுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, இது முதல் ஓலை, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள், மறைத்தால் பாவம் என்று ஒரே மூச்சில் வாசித்தார். எந்தக் கல்யாணமானாலும் மூன்று ஞாயிறு இப்படி வாசிக்க வேண்டும். வாசித்துவிட்டு, ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லும் நேரத்துக்குச் சும்மா நின்றார். பெண்கள் பக்கத்தில் யாரோ மதலேனின் இடுப்பில் கிள்ளினார்கள். மணிக்கயிற்றின் அடியில் நின்றிருந்த இன்னாசி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

இன்னாசிக்குப் பிள்ளை பிறக்காது. அந்தக் கோயிலில் அது பிலோமினா ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னாசிக்கே தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், எமர்ஜென்சி சமயம். ஊருக்கு ஊர் கொட்டகை போட்டுக் குடும்பக் கட்டுப்பாடு ஆப்ரேஷன் நடந்தது. ஆள் பிடித்து வருகிற வேலை வாத்தியார்கள் தலையில் விழுந்தது. காலனியில் பி.ஏ. படித்த முதல் ஆள் பிலோமினா. பள்ளிக்கூடத்தில் தற்காலிக வாத்தியாராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மூன்று கேஸ் கொண்டுவந்தால் வேலை நிற்கும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். வீடு என்றால் அம்மாவோடு நாற்று நட. ஹெட்மாஸ்டர் வேதகிரிக்கு நான்கு பிள்ளைகள். அவர் தன் வேட்டியைப் பத்திரமாக இறுக்கிக் கட்டிக்கொண்டு மற்றவர்களை விரட்டினார்.

"இன்னாம்மா பிலோமினா, ஒங்காளுங்கதான் வருசத்துக்கு ஒண்ணு பெத்துப் போட்டுக்கினே கீறாங்களே. அதுல மூணு பேரு சிக்கலியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். டிரில் மாஸ்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

கோயிலில் வேறு பாட்டு. கத்தி வைத்துக்கொள்கிறவனுக்கும், கூட்டிக்கொண்டு போகிறவனுக்கும் இனிமேல் பூசையில் நன்மை அப்பம் கிடையாது என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, அவருக்கு மேலே ஹெட்மாஸ்டர் இல்லை. ஏழு பெற்று மூன்றைப் புதைத்தவளிடம் போய் அவர் அதைச் சொல்லட்டும் என்று பிலோமினாவுக்கு ஆத்திரமாக வந்தது. திருமுக்கூடல் பக்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போனாள். இரண்டு பேருக்கும் வீடு நிறையப் பிள்ளைகள், இஷ்டப்பட்டு வந்தவர்கள். அதற்காக அவள் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. மாதக் கடைசி. அப்போதுதான் இன்னாசி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். அப்பா அம்மா இல்லாதவன், இருபத்திரண்டு வயது, ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிவிட்டுக் கோயிலுக்கு மணி அடிக்கிறவன். கேம்ப்பில் டாக்டர் இருக்கிறாராமே, என் நோவைப் பார்ப்பாரா என்று கேட்டான். இல்லை, அது வேற கேம்ப்பு என்று சொல்ல வேண்டியவள், "பாப்பாங்க, வா" என்றாள்.

பாரத்தை அவளே நிரப்பினாள். வயது முப்பது. மணமானவர். மனைவி பெயர் மேரி. குழந்தைகள் மூன்று, ஆறு வயது, நான்கு வயது, இரண்டு வயது. எழுதும்போது ஓர் இடத்தில்கூடப் பேனா நிற்கவில்லை என்பதுதான் பிறகு யோசிக்க யோசிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஆப்ரேஷன் முடிந்து பத்து நாள் மூட்டை தூக்காமல் படுத்திருந்ததில் இன்னாசியின் நோவு அடங்கியது. டாக்டர் அடக்கினார் என்று அவன் நம்பினான். அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் வீட்டு வாசலில் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பிலோமினாவின் வேலை நிரந்தரமானது. ஐந்து வருஷமாக நாக்கை நீட்டி நன்மை வாங்கிக்கொண்டிருந்தாள்.

முதல் ஓலைக்கு மறுநாள் சாயங்காலம் மதலேன் வந்தாள். பத்தாவது வரை பிலோமினாவிடம் படித்தவள். கல்யாணப் புடவை எடுக்க டீச்சரும் கூட வரவேண்டும் என்றாள். அவள் மனசை மாற்றிப் பார்க்கலாம் என்று பிலோமினாவே மெதுவாக ஆரம்பித்தாள். என்ன அவசரம், இன்னும் படிக்கலாமே, வேறு இடம் பார்க்கலாமே.

"வேற எடமா?" என்று மதலேன் சிரித்தாள். "எங்க சின்னம்மா கதை தெரிஞ்சும் பொண்ணு கேக்க வந்தது இவரு ஒருத்தருதான் டீச்சர்."

சின்னம்மா கதை பிலோமினாவுக்கும் தெரியும். பிள்ளை இல்லையென்று நாலாவது வருஷம் திருப்பி அனுப்பப்பட்டவள். அம்முலு வீட்டு மாட்டுக்கொட்டகையில் இரண்டு வருஷம் கிடந்தாள். வளைகாப்பு, பெயர் வைப்பது எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. ஒருநாள் காலையில் ஏரி மதகில் மிதந்தாள். தற்கொலை என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்தில்கூட இடம் கொடுக்கவில்லை. வேலிக்கு வெளியே புதைத்தார்கள். அந்த வம்சமே அப்படி என்று ஊர் அப்போதே எழுதி வைத்துவிட்டது. நாளைக்கு மதலேனுக்கு வயிறு திறக்காவிட்டால் எவனும் இன்னாசியைப் பார்க்க மாட்டான். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

புடவையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பினாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். பிறகு, பிள்ளை பெற முடியாதது திருச்சபைச் சட்டப்படி தடையில்லை என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை முழுதாக விடுவதற்குள், "தடையில்ல. ஆனா தெரிஞ்சி மறைச்சி ஒரு பொண்ணைக் கட்டிவைக்கிறது வஞ்சகம். இங்க கேட்டதை நான் வெளிய சொல்ல முடியாது, நீதான் சொல்லணும். மொதல்ல அந்தப் பையன்கிட்ட. அதுக்கப்புறம் வா, பாவமன்னிப்பு தரேன்" என்றார். ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை கொடுத்தால் முட்டி தேயச் சொல்லி முடித்திருப்பாள். இது ஜெபமாலை இல்லை.

மறுநாள் இரண்டாம் ஓலையும் ஆனது. அன்றைக்கு அவள் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் பிலோமினாவின் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு இன்னாசி மணிக்கொட்டகையில் உட்கார்ந்து, நைந்துபோன கயிற்றுக்குப் புதுப் புரி சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தான். வாங்க டீச்சரக்கா என்று எழுந்தான். உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொன்னாள். கேம்ப்பில் செய்தது நோவுக்கு இல்லை, இன்னது, இனிமேல் இன்னது நடக்காது, பாரத்தில் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று பொய் எழுதியது தான்தான். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் வரிசையாகத்தான் வந்தது. பட்டணத்தில் பெரிய டாக்டர்கள் திரும்ப ஒட்டுகிறார்களாம், ஆனால் உறுதி இல்லையாம் என்பதையும் சொன்னாள்.

அவன் கயிற்றை முறுக்குவதை நிறுத்தவில்லை.

"அப்போ நோவுக்குப் பண்ணலியா?"

"இல்ல."

"நோவு போச்சே."

அவன் இன்னொரு புரியை எடுத்தான். மூன்று பிள்ளைகள் என்றா எழுதினீர்கள் என்று கேட்டான். ஆமாம் என்றாள். ஆணா பெண்ணா என்று கேட்டான். பாரத்தில் அதைக் கேட்கவில்லை என்றாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டான்.

மதலேனிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று அவள் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"அஞ்சு வருசமா வாய மூடிக்கினுதான இருந்தீங்க டீச்சர். இன்னும் ஒரு வாரம் மூடிக்கினு இருங்க." டீச்சரக்காவில் இருந்த அக்கா விழுந்துபோயிருந்தது. "எனக்குன்னு சோறாக்க ஒருத்தி வரா. அதையும் அறுத்து எடுத்துக்கினு போவாதீங்க."

"அவ இன்னாடா பண்ணா? மலடின்னு அவளத்தான சொல்வாங்க."

"நான் சொல்லமாட்டேன். நான் அவள அடிக்கமாட்டேன், அனுப்பமாட்டேன்."

"ஊரு?"

அவன் கயிற்றின் நுனியை வாயில் வைத்துக் கடித்து முடிச்சை இறுக்கினான். பிறகு அவள் போகும்வரை முகத்தைத் திருப்பவில்லை.

அந்த வாரம் முழுக்க பிலோமினா வகுப்பில் பிள்ளைகளை அடித்தாள். காரணமே இல்லாமல் அடித்தாள். இரண்டு முறை மதலேன் வீட்டுத் தெரு முனைவரை போனாள். ஒருமுறை வாசலில் பந்தக்கால் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு முறை அம்முலு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். ஒருவனைக் கேட்காமல் அறுத்தது தான்தான். இப்போது உண்மையைச் சொல்வதென்றாலும் அவனைக் கேட்காமல்தான் அறுக்க வேண்டும். சொல்லாவிட்டால் அறுபடுவது மதலேன். யேசுவே என்று கூப்பிட்டுப் பார்த்தாள். டிரில் மாஸ்டர் மேஜையைத் தட்டிச் சிரித்ததுதான் காதில் கேட்டது.

மூன்றாம் ஞாயிறு வெயில் சீக்கிரமே ஏறியது. புதுக் கயிற்றில் மணி எப்போதையும்விட அழுத்தமாக அடித்தது. மதலேன் இரண்டு வரிசை முன்னால், பக்க வாசலுக்குப் போகும் வழியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சாமியார் தாளை விரித்தார். பெயர்களை வாசித்தார். இது மூன்றாம் ஓலை, கடைசி ஓலை என்றார். தடை ஏதும் அறிந்தவர்கள் என்று சொல்லும்போது தாளைவிட்டு அவர் கண் எழவில்லை. பிறகு நிறுத்தினார்.

அருள் நிறைந்த மரியே என்று பிலோமினா மனசுக்குள் தொடங்கினாள். வயிற்றின் கனி என்ற இடம் வந்ததும் அதற்கு மேல் போகவில்லை. முட்டி தரையைவிட்டு எழுந்திருந்தது. முக்காடு தோளில் சரிந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து இன்னாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தான், இழுக்கவில்லை.

புடவை சரசரக்கும் சத்தம் கேட்டு மதலேன் திரும்பினாள். டீச்சருக்கு உடம்புக்கு ஏதோ, காற்றுக்காக வெளியே போகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டு நகர்ந்து, கொஞ்சம் வழி விட்டாள்.