சஃபிகுலின் மண்ணீரல்

நர்ஸ் ரூபிக்கு அன்று டபுள் டூட்டி. கால் ரெண்டும் கழன்று விழாத குறைதான். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பப் போன நேரம் பார்த்துத்தானா சஃபிகுலைக் கொண்டுவர வேண்டும்! குற்றாலத்தில் பரோட்டாக் கடையொன்றில் கறி வெட்டுகிற வங்காளத்துக்காரன். இலஞ்சி விலக்கில் பைக் சறுக்கி, ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறது, ஸ்ப்ளீனை உடனே எடுக்காவிட்டால் ஆள் தங்கமாட்டான் என்றார் டாக்டர். அவனோ கையெழுத்துப் போடமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"கிட்னி எடுக்கும். எனக்குத் தெரியும்."

"ஏலே, கிட்னி இல்லலே! ஸ்ப்ளீன்."

ரூபி போனில் மொழிபெயர்ப்பைத் தட்டிக் காட்டினாள். 'ப்லீஹா' என்று வங்காளத்தில் ஒரு குரல் சொன்னது. அவன் முழித்தான். புத்தகத்துச் சொல் போலிருக்கிறது. மண்ணீரல் என்றாள், அதற்கும் அதே முழி. இவனோடு மல்லுக்கட்டவென்று என் தலையில் எழுதியிருக்கிறதே என்று ரூபிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் அவன் பார்க்கிற வேலை உறைத்தது.

"ஆட்டுல சுவரொட்டி இருக்கும்லா? அதுதாம்டே."

"பிலே!" என்றான் பளிச்சென்று. "எங்க ஊர்ல அது பிலே. திடுக்குன்னு பயந்தா, பிலே பதறிச்சு சொல்லும்."

அப்பாடா என்று பேனாவை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நான் தினம் சுவரொட்டி எடுக்கும் அக்கா. எடுத்த ஆடு ஒண்ணுகூட உயிரோட இல்ல."

அவனுக்குப் பிரஷர் வேறு இறங்கிக்கொண்டே வந்தது. கர்த்தரே மன்னியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எனக்கும் அதை எடுத்தாச்சுலே. பதினாறு வருசமாச்சு. ஒன் முன்னால நிக்கேன்லா?"

வயிற்றில் கத்தி பட்டது என்னவோ நிஜம். அது மகள் கிருபா பிறந்தபோது. சஃபிகுல் அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு எடுத்தப்ப கூட யாரு இருந்தா அக்கா?"

"யாரும் இல்லடே" என்றாள். அதில் பொய் இல்லை. புருஷன் வெளியூரில்; வீட்டை எதிர்த்துக் காதலித்துக் கட்டிக்கொண்டவளைப் பார்க்க அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு நாதிகூட வரவில்லை.

விரலை விடுவித்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

"ஒனக்கு நான் இருக்கேன், வா" என்று அவனோடு உள்ளே போனாள்.